நெட்டையா வளர்ந்த அந்த ரெண்டு நாத்து

விதை ஆய்வகத்துல வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு நெல் ரகத்தோட விதையை ட்ரேல போட்டு முளைக்க வச்சிருந்தோம். பத்து பன்னெண்டு நாள்ல எல்லா நாத்தும் ஒரே சீரா எழும்பி வந்துருச்சு, அதுல ரெண்டு மட்டும் மத்ததை விட கிட்டத்தட்ட ஒரு மடங்கு உயரமா நெடுநெடுன்னு நின்னுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். என்னமோ வீரியமான செடி போல இருக்கு, தனியா எடுத்து வச்சு வளர்த்துப் பார்க்கலாமான்னு சீனியர் அக்காகிட்ட ஓடிப்போய் சொன்னேன். அக்கா வந்து குனிஞ்சு பார்த்தாங்க, தொடக்கூட இல்ல. "இந்த ட்ரேலயே நோயாளி இந்த ரெண்டும்தான், கை வைக்காத, மத்ததுக்கும் ஒட்டிக்கும்"னு சொன்னாங்க. அப்புறம் உத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, உயரம் இருந்துச்சே தவிர இலை வெளுத்துப்போய் மஞ்சளா இருந்துச்சு, தண்டு மெலிஞ்சு கிடந்துச்சு. இன்னும் ஒரு வாரத்துல ரெண்டுமே சாஞ்சு செத்துப்போச்சு.

அந்த நோய்க்குப் பேரு பக்கானே. ஜப்பானிய மொழில முட்டாள் நாத்துன்னு அர்த்தம். ஃபுசேரியம் ஃபுஜிகுரோய்ங்கற பூசணம் விதையோடயே வந்து செடியை இப்படி இழுத்து விட்டுரும். பூ பூக்குற நேரத்துல இருந்து அறுவடை வரைக்கும் எப்ப வேணாலும் அதோட ஸ்போர், அதாவது பூசணம் பரவறதுக்குப் போடற விதை மாதிரியான நுண்ணிய தூள், வந்து விதைல உக்காந்துக்கும், அந்த விதையை கையில வச்சுப் பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, நல்லா மஞ்சளா பளபளன்னு இருக்கும், முளைக்கவும் முளைக்கும். நல்லா முளைக்கிற விதை நல்ல விதைன்னுதான் நான் அது வரைக்கும் நெனச்சுட்டு இருந்தேன். அந்த ட்ரேக்கு அப்புறம் அந்த நம்பிக்கை போயிருச்சு, இத்தனை வருஷத்துல திரும்பவும் வரல. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன்.

பக்கானேல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்த ஒரு நோய்க்குள்ள விதை நோயைப் பார்க்கற நம்ம துறையோட பாதி கதை இருக்கு. 1926ல குரோசாவாங்கற ஜப்பானிய விஞ்ஞானி தைவான்ல இந்த நோயை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு. அந்தப் பூசணத்தை ஒரு திரவத்துல வளர்த்து, பூசணத்தை வடிகட்டி எடுத்துட்டு, வெறும் திரவத்தை மட்டும் ஆரோக்கியமான நாத்துக்குக் கொடுத்தாரு. அந்த நாத்தும் நெடுநெடுன்னு வளர்ந்துச்சு. அப்ப பூசணம் இல்லாமலே நோயோட அறிகுறி வருது, அது சுரக்குற ஏதோ ஒரு பொருள்தான் வேலை பண்ணுதுன்னு புரிஞ்சுது. 1935ல யாபுடாங்கறவர் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின்னு பேரு வச்சாரு. அப்புறமா பார்த்தா செடிகளே இந்தப் பொருளை தனக்குள்ள இயல்பா தயாரிச்சுக்குது, செடியோட உயரத்தைத் தீர்மானிக்கிற ஹார்மோனே அதுதான். விதை முளைக்கறதுக்கும் அதுதான் சாவி. விதைல தண்ணி ஏறினதும் உள்ள இருக்கற கரு ஜிப்ரலினை அனுப்பும், அது போய் மாவுச்சத்தைச் சுத்தி இருக்கற மெல்லிசான அடுக்கை எழுப்பும், அந்த அடுக்கு ஆல்ஃபா அமைலேஸ் நொதியை சுரந்து மாவுச்சத்தை சர்க்கரையா உடைக்கும், அந்த சர்க்கரையை சாப்பிட்டுத்தான் முளை வளரும். அந்தப் பூசணம் செடியோட சொந்த ஹார்மோனையே அளவுக்கு மீறி ஊத்தி செடியைக் கெடுக்குது.

இப்ப புது ரகம் உருவாக்கற பக்கம் வாங்க. 1962ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல பீட்டாங்கற நெட்டை ரகத்தையும் டீ-ஜியோ-வூ-ஜென்ங்கற தைவான் குட்டை ரகத்தையும் கலப்பு பண்ணாங்க, அதுல இருந்து வந்து 1966ல வெளியானதுதான் ஐஆர்8. உரம் போட்டா சாயாம நிக்கிற குட்டை நெல். கோதுமைல அதே மாதிரி ஜப்பானோட நோரின் 10 ரகத்துல இருந்த குட்டை மரபணுவை வச்சுதான் அமெரிக்காவுல வோகல், மெக்சிகோவுல போர்லாக்ங்கற விஞ்ஞானிகள் புது ரகம் உருவாக்க வேலை பண்ணாங்க. அப்பல்லாம் அவங்களுக்கு செடி குட்டையா இருக்குன்னு தெரியுமே தவிர மரபணு அளவுல காரணம் தெரியாது. 1999ல கோதுமையோட குட்டை மரபணு என்னன்னு கண்டுபிடிச்சாங்க, அந்தச் செடி ஜிப்ரலின் சொல்றதைக் கேக்காம நிக்குது. 2002ல நெல்லோட எஸ்டி1 மரபணு என்னன்னு தெரிஞ்சுது, அதுல ஜிப்ரலின் தயாரிக்கிற ஒரு நொதி பழுதாகி இருக்கு. நோய் செடியை நெட்டையாக்கினதும் மனுஷன் செடியைக் குட்டையாக்கினதும் ஒரே ஹார்மோன்ல. முதல் தடவை இதைப் படிச்சப்ப ராத்திரி தூக்கம் வரல, உண்மையாவே. விதை நோயைப் பார்க்கறவங்களும் ரகம் உருவாக்கறவங்களும் வேற வேற பில்டிங்ல உக்காந்து வேற வேற மீட்டிங் போயிட்டு இருக்கோம், ஆனா ரெண்டு பேரும் தொடறது ஒரே செடியோட ஒரே நரம்பை.

சரி எங்க வேலை என்னன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா விதை ஆய்வகம்னா முளைப்புத்திறன் பார்க்குற இடம்னுதான் பலபேர் நெனைக்கறாங்க. அதுவும் பார்ப்போம். 400 விதை எடுத்து நூறு நூறா நாலு செட்டா முளைக்க வச்சு எத்தனை நல்ல நாத்து வந்துச்சுன்னு எண்ணுவோம். புறத்தூய்மை பார்ப்போம், அதாவது விதையோட களை விதை, கல், மண், உடைஞ்ச விதை எவ்வளவு கலந்திருக்குன்னு. இந்த வேலையெல்லாம் ஆரம்பிச்சதே ஏமாத்துக்காரங்களாலதான். 1869ல ஜெர்மனியில தாராண்ட்ங்கற ஊர்ல ஃப்ரெட்ரிக் நோபேங்கறவர் உலகத்தோட முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினாரு. அப்ப சந்தைல வித்துட்டு இருந்த விதையில என்னென்னமோ கலந்து வந்துச்சு, க்ளோவர் விதைல அதே நிறத்துக்கு சாயம் ஏத்தின மணலைக் கூட கலந்திருக்காங்க. மணலைப் பிரிச்சு எடுத்துரலாம். விதைக்குள்ள ஒளிஞ்சிருக்கற நோயை எப்படிப் பிரிக்கறது, அங்கதான் எங்க வேலை வருது.

எனக்குப் பிடிச்ச பரிசோதனை ப்ளாட்டர் டெஸ்ட்தான், ரொம்ப பழசு, ரொம்ப எளிமை. பெட்ரி டிஷ்ல மூணு அடுக்கு வடிதாளை நனைச்சு வச்சு, அதுமேல விதையை வெளி வட்டத்துல 15, உள் வட்டத்துல 9, நடுவுல 1ன்னு 25 விதை அடுக்குவோம். அப்படி 16 டிஷ், மொத்தம் 400 விதை. 22 டிகிரியில 7 நாள், 12 மணி நேரம் புற ஊதாவுக்குப் பக்கத்துல இருக்கற வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. அந்த வெளிச்சம் பட்டாத்தான் நிறைய பூசணங்க ஸ்போர் போடும், ஸ்போர் போட்டாத்தான் நமக்கு அடையாளம் தெரியும். எட்டாவது நாள் காலையில ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்ல ஒவ்வொரு விதையா பார்க்கணும். முதல் தடவை பார்க்கறவங்களுக்கு எல்லாம் வெறும் பூஞ்சானாத்தான் தெரியும், பழகினவங்களுக்கு அது ஒரு காடு. பைபோலாரிஸ்ங்கற பூசணம்னா பழுப்பு நிறக் காம்பு மேல படகு மாதிரி லேசா வளைஞ்ச ஸ்போர் உக்காந்திருக்கும். கர்வுலேரியான்னா நடு செல் மட்டும் புடைச்சு முழங்கை மாதிரி மடங்கி இருக்கும். நம்ம பக்கானே பூசணம்னா வெள்ளைப் பொடி தூவின மாதிரி இருக்கும், பெரிசாக்கிப் பார்த்தா சின்னச் சின்ன ஸ்போரு மணி கோத்த மாதிரி வரிசையா நிக்கும். 400 விதையைப் பார்த்து முடிக்கறதுக்குள்ள கழுத்து வலிச்சு கண்ணு எரிய ஆரம்பிச்சுரும், ஆனா இந்த வேலையை எந்த மெஷினுக்கும் விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரல.

இந்த முறைக்குப் பின்னாடி இருக்கற ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். லூசி டோயர், நெதர்லாந்துல வாகனிங்கன் விதை நிலையத்துல வேலை பார்த்தவங்க. விதைவழி நோய்களை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு 1938ல அவங்க எழுதின கையேடுதான் இந்தத் துறைக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்துச்சு. அதுக்கு அப்புறம் டென்மார்க்ல பால் நீர்கார்ட் 1967ல கோபன்ஹேகன்ல வளரும் நாடுகளுக்குன்னே ஒரு விதை நோயியல் நிறுவனம் தொடங்கி பல நாட்டு ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்தாரு. குட்டை கோதுமையைப் பத்திப் பேசும்போது போர்லாக் பேரு எல்லாருக்கும் தெரியுது, அது நியாயமும்கூட, ஆனா டோயர் பேரை எங்க துறைக்கு வெளிய ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. அது எனக்கு வருத்தமா இருக்கும்.

இன்னும் பின்னாடி போனா 1755ல பிரான்ஸ்ல மாத்யூ திலேங்கறவர் பண்ணின பரிசோதனை. கோதுமைல மணிக்குள்ள மாவுக்குப் பதிலா நாத்தம் புடிச்ச கருப்புப் பொடி வர்ற ஒரு நோய் உண்டு. ஆளாளுக்கு மூடுபனி காரணம், எரு காரணம், மண்ணு காரணம்னு சொல்லிட்டு இருந்தாங்க. திலே என்ன பண்ணாருன்னா நிலத்தை நூத்துக்கும் மேல சின்னச் சின்ன பாத்தியா பிரிச்சு, ஒவ்வொரு எரு, ஒவ்வொரு விதைப்பு நாள், கருப்புப் பொடி தடவின விதை, தடவாத விதை, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவின விதைன்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி விதைச்சுப் பார்த்தாரு. பொடி தடவின விதைலதான் நோய் வந்துச்சு, கழுவின விதைல குறைஞ்சுது. நுண்ணுயிர்னு ஒண்ணு நோய் உண்டாக்கும்னே யாரும் ஒத்துக்காத காலம் அது, அவரே அந்தப் பொடியை ஏதோ விஷம்னுதான் நெனச்சாரு, அது உயிருள்ள பூசணம்னு தெரிய 1807ல ப்ரெவோங்கற விஞ்ஞானி வரணும். காரணத்தைத் தப்பா நெனச்சாலும் பரிசோதனையைச் சரியா பண்ணினா விவசாயிக்கு வேண்டிய பதில் கிடைச்சுரும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, புதுசா சேர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்ற கதையும் இதுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா விதை நலத்துல ஏமாந்து போறது பெரும்பாலும் இந்தக் கணக்குலதான். 400 விதை பார்த்தேன், ஒண்ணுலகூட நோய் இல்ல, அப்ப இந்த லாட், அதாவது அந்த விதை எடுத்த மொத்தக் குவியல், சுத்தம்னு எழுதலாமா? கூடாது. ஒரு எளிய விதி இருக்கு, எத்தனை விதை பார்த்தியோ அதால 3ஐ வகுத்துக்கோ, அந்த அளவுக்கு நோய் உள்ள இருந்தும் உன் கண்ணுல படாம போயிருக்கலாம், 95 சதவீத உறுதியோட அதுக்கு மேல இல்லைன்னுதான் சொல்ல முடியும். 400 பார்த்தா 0.75 சதவீதம். நெல்லுல சில பூசணத்துக்கு இது பரவாயில்ல. ஆனா லெட்யூஸ் கீரைல வர்ற தேமல் வைரஸை எடுத்துக்கோங்க. ஆயிரத்துல ஒரு விதைல இருக்குன்னு வச்சுக்குவோம், கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 60,000 செடி நட்டா 60 செடி முதல் நாள்ல இருந்தே நோயோட வயல் பூரா பரவலா நிக்குது, அப்புறம் அசுவினி வந்து ஒவ்வொண்ணுல இருந்தும் சுத்தி இருக்கற செடிக்கு கடத்திட்டுப் போகுது, அறுவடைக்குள்ள வயல் போச்சு. அதனாலதான் கலிபோர்னியாவுல லெட்யூஸ் விளையுற பகுதியில 30,000 விதைல ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு விதி வச்சாங்க. முட்டைக்கோஸ்ல கருப்பு அழுகல் உண்டாக்குற சாந்தோமோனாஸ் பாக்டீரியாவுக்கும் 30,000 விதையை மூணு பங்காப் பிரிச்சுப் பார்க்கறோம். அந்த 3ஐ வகுக்குற கணக்கைப் போட்டா 30,000க்கு பத்தாயிரத்துல ஒண்ணு. அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியும்.

இதை ஏன் இவ்வளவு விளக்கறேன்னா ஒரு தடவை அடிபட்டிருக்கேன். ஒரு தக்காளி வம்சம், ப்ரீடர் ஒருத்தர், அதாவது ரகம் உருவாக்கறவர், எட்டு வருஷமா பார்த்துப் பார்த்து செலக்ட் பண்ணினது. ஒரு கலப்பு பண்ணினா பேரப்பிள்ளை தலைமுறைல, அதாவது எஃப்2ல, குணமெல்லாம் செடிக்குச் செடி பிரிஞ்சு கிடக்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புத் தன்மை பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும், எஃப்6, எஃப்7 போனாத்தான் ஓரளவு நிலைக்கும், அத்தனை தலைமுறையும் வெயில்ல நின்னு செடி செடியா பார்த்துக் கழிச்சு வந்த மனுஷன் அவரு. பல இடத்துல ஒரே நேரத்துல சோதனைச் சாகுபடி போடணும், விதை அவசரமா வேணும்னு கேட்டாங்க. விதை கொஞ்சம்தான் இருக்கு, பரிசோதனைக்கு நிறைய கொடுக்க முடியாதுன்னு சொல்லி சில நூறு விதைதான் கொடுத்தாங்க, நானும் சரின்னு பார்த்து நோய் தென்படலைன்னு ரிப்போர்ட் எழுதினேன். எழுதினதுல பொய் இல்ல. ஆனா எத்தனை விதை பார்த்தேன், அதை வச்சு எந்த அளவு வரைக்கும் உறுதி சொல்ல முடியும்னு அந்த ரிப்போர்ட்ல நான் எழுதல. ரெண்டு மாசத்துல மூணு இடத்துல இருந்து வாடலும் தண்டுப் புண்ணும்னு தகவல் வந்துச்சு, பாக்டீரியா புற்று நோய், விதையோட போனது. எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சாங்க. ப்ரீடர் என்னைத் திட்டவே இல்ல, அதுதான் தாங்க முடியல. அன்னைல இருந்து எந்த ரிப்போர்ட்லயும் விதை எண்ணிக்கையையும் கண்டுபிடிக்கக்கூடிய எல்லையையும் எழுதாம நான் கையெழுத்து போடறதில்ல.

ரகம் உருவாக்கற பக்கத்துல ஒரு சௌகரியத்துக்காக எடுக்குற முடிவு எப்படி நோய்க்குக் கதவைத் திறந்து விடும்ங்கறதுக்கு 1970ல அமெரிக்க மக்காச்சோளம் பெரிய பாடம். ஒட்டு ரக விதை தயாரிக்க தாய்ச் செடியோட ஆண் பூவை ஆளு வச்சு உடைக்கணும், அது பெரிய வேலை. டெக்சாஸ் சைட்டோபிளாசம்னு ஒண்ணு (சைட்டோபிளாசம்னா செல்லுல உட்கருவுக்கு வெளிய இருக்கற பகுதி) கிடைச்சுது, அது இருந்தா செடியே ஆண் மலடா இருக்கும், உடைக்க வேண்டியதே இல்ல. அவ்வளவுதான், 1970 வரும்போது நாட்டோட மக்காச்சோளத்துல சுமார் 85 சதவீதம் அந்த ஒரே சைட்டோபிளாசம்தான். இலைக்கருகல் பூசணத்துல ஒரு புது இனம் வந்துச்சு, அது சுரக்குற நச்சு சரியா அந்த சைட்டோபிளாசம் இருக்கற செடியோட மைட்டோகாண்ட்ரியாவைத்தான் உடைக்கும். ஒரே சீசன்ல நாட்டோட விளைச்சல்ல சுமார் 15 சதவீதம் போச்சு. இதுல என்னைப் பொறுத்தவரைக்கும் பெரிய வேதனை என்னன்னா, 1961லயே பிலிப்பைன்ஸ்ல இருந்து ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த சைட்டோபிளாசம் இருக்கற செடி அந்த நோயை அதிகமா வாங்குதுன்னு எழுதியிருந்தாங்க. ஒன்பது வருஷம் முன்னாடி. படிக்க வேண்டியவங்க அதைப் பெரிசா எடுத்துக்கல.

அது பழைய கதை, இப்ப மாறிருச்சுன்னு சொல்ல முடியல. தக்காளி பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ், 2014ல இஸ்ரேல்லயும் 2015ல ஜோர்டான்லயும் முதல்ல தென்பட்டுச்சு. தக்காளில டிஎம்-2 ஸ்கொயர்னு ஒரு எதிர்ப்பு மரபணு இருக்கு, இதே குடும்பத்து வைரஸ்களை பல பத்து வருஷமா தடுத்து நிறுத்தின மரபணு, அதை இந்த வைரஸ் தாண்டிருச்சு. விதையோட மேல்தோல்லதான் பெரும்பாலும் இருக்கும், விதைல இருந்து நாத்துக்குப் போறது ரொம்பக் குறைவு, ஆனா ஒரு நாத்துக்குப் போனாலே போதும், அப்புறம் செடியைத் தொடற கை, கத்தி, ட்ரே, கயிறு எல்லாம் மிச்ச வேலையைப் பார்த்துக்கும். சில வருஷத்துல பல கண்டத்துக்குப் போயிருச்சு, விதை எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம். கோதுமைக் குலை நோயும் அப்படித்தான், 1985ல பிரேசில்ல முதல்ல கண்டது, முப்பது வருஷம் தென் அமெரிக்காவுக்குள்ளயே இருந்துச்சு, திடீர்னு 2016ல பங்களாதேஷ்ல சுமார் 15,000 ஹெக்டேர்ல வந்துச்சு, அந்தப் பூசணத்தோட மரபணுவைப் படிச்சா தென் அமெரிக்க வம்சத்தோட பொருந்துது. காத்துல கடல் தாண்டி வந்திருக்க வாய்ப்பு குறைவு, தானியத்தோட வந்ததாத்தான் நெனைக்கறாங்க. 2018ல சாம்பியாவுலயும் தென்பட்டுச்சு. அந்தக் குலை நோய்க்கு எதிர்ப்பு கொடுத்தது ஈஜிலாப்ஸ்ங்கற காட்டுப் புல்லுல இருந்து கோதுமைக்குள்ள கொண்டு வந்த ஒரு குரோமோசோம் துண்டு, அது இருக்கற பாரி கோம் 33ங்கற ரகத்தை பங்களாதேஷ் 2017லயே வெளியிட்டுச்சு. அந்த வேகத்துக்கு மனசார ஒரு கும்பிடு. அந்தத் துண்டு முழுப் பாதுகாப்பு இல்லைங்கறதும் உண்மை, ஒரே துண்டையே எல்லாரும் நம்பி நின்னா என்ன ஆகும்னு மக்காச்சோளத்துல பார்த்தாச்சு.

விதையைச் சுத்தம் பண்ண வழியே இல்லையான்னு கேட்டா இருக்கு, அதுல எனக்கு ரொம்ப மரியாதை சுடுதண்ணி மேல. 1880கள்ல டென்மார்க்ல யென்சன்ங்கறவர் கொண்டு வந்தது. கோதுமைக் கரிப்பூட்டை நோய் பூ வழியா நுழைஞ்சு கருவுக்குள்ளயே போய் உக்காந்துக்கும், மேல மருந்து தடவி ஒண்ணும் ஆகாது, ஆனா முதல்ல குளிர்ந்த தண்ணில ஊற வச்சுட்டு அப்புறம் 52 டிகிரி சுடுதண்ணில 10 நிமிஷம் போட்டா உள்ள இருக்கற பூசணம் செத்துரும், கரு பிழைச்சுக்கும். முட்டைக்கோஸுக்கு 50 டிகிரி, 25 நிமிஷம். ரெண்டு டிகிரி கூடினா விதை செத்துரும், ரெண்டு டிகிரி குறைஞ்சா நோய் சாகாது, பழைய விதைன்னா இந்தச் சூட்டையே தாங்காது. தெர்மாமீட்டரை விட்டு ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க முடியாது. இதுக்கு அப்புறம் பிசிஆர், அதாவது கிருமியோட டிஎன்ஏவைத் தேடற பரிசோதனை, பண்ணினா வேற தலைவலி, செத்துப்போன பாக்டீரியாவோட டிஎன்ஏவும் பாசிட்டிவ்னு காட்டும், அப்ப அந்த விதையை நிராகரிக்கறதா வேண்டாமா? என்னோட கருத்து, பிசிஆர் பாசிட்டிவ் வந்தா அதை எச்சரிக்கையா எடுத்துக்கிட்டு விதையை வளர்த்துப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லணும். நேரம் ஆகும்தான். எட்டு வருஷ உழைப்பை பிசிஆர் ரிசல்ட்ல தெரியற ஒரு கோட்டை மட்டும் பார்த்துக் குப்பைல போட எனக்குக் கை வராது, அதே மாதிரி அவசரம்னு சொல்லி விடவும் இனிமே வராது.

கடைசியா ஜீன் பேங்க், அதாவது பல ரக விதைகளைச் சேமிச்சு வைக்கற விதை வங்கி பத்தி, ஏன்னா இப்ப நான் பாதி நேரம் அங்கதான் வேலை பார்க்கறேன். விதையை எவ்வளவு காய வச்சு எவ்வளவு குளிர்ல வைக்கறோமோ அவ்வளவு நாள் இருக்கும். ஹாரிங்டன்னு ஒருத்தர் சொன்ன தோராய விதி, ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு, வெப்பம் 5 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு. அதனாலதான் நார்வேயோட ஸ்வால்பார்ட் விதைக் கிடங்குல மைனஸ் 18 டிகிரியில வைக்கறாங்க, எங்க குளிர் அறையும் அப்படித்தான். ஆனா விதையைக் காப்பாத்துற அதே குளிரும் வறட்சியும் விதைக்குள்ள இருக்கற நோயையும் பத்திரமா காப்பாத்தும். சாதாரண அறைல ரெண்டு மூணு வருஷத்துல செத்துப்போற பூசணம்கூட அங்க விதையோட சேர்ந்து தூங்கும். விதைக்குள்ள இருக்கற வைரஸ் விதை எழுந்திரிக்கும்போது அதுவும் எழுந்திரிக்கும். உலகத்துல ஒரு மூலைல சேகரிச்ச விதையை இன்னொரு மூலைல இருக்கற ப்ரீடருக்கு அனுப்பறதுதான் ஜீன் பேங்கோட வேலையே, அப்ப அந்த உறைக்குள்ள என்னென்ன போகுதுன்னு பார்க்க ஒருத்தர் வேணும்தானே. பெரிய சர்வதேச விதை வங்கிகள்ல எல்லாம் இதுக்குன்னு தனிப் பிரிவே வச்சிருக்காங்க.

போன மாசம் ஒரு பழைய பீன்ஸ் உறை வந்துச்சு. அந்த வகை வேற எங்கயும் பதிவுல இல்ல, எங்ககிட்ட மிச்சம் இருந்தது 11 விதை. தேமல் வைரஸ் இருக்குமோன்னு சந்தேகம். விதையை அரைச்சு எலைசாங்கற வைரஸ் பரிசோதனை பண்ணினா பதில் கிடைக்கும், விதை இருக்காது. அரைக்கவும் முடியாது, பார்க்காம பெருக்கவும் முடியாது. அதனால ஒவ்வொரு விதையையும் தனித்தனி தொட்டில வச்சு, தனித்தனியா பூச்சி புகாத வலைக்கூண்டுக்குள்ள வளர்த்தோம். ப்ரீடர், நான், பசுமைக்குடில்ல வேலை பார்க்குற தம்பி, மூணு பேரும் தினமும் காலையில போய் கூண்டு கூண்டா பார்ப்போம். 11ல 8 முளைச்சுது. முதல் ஜோடிக்கு அடுத்த இலை விரிஞ்சதும் ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு சின்ன துண்டு இலை எடுத்து எலைசா போட்டேன். 3 செடி பாசிட்டிவ், 5 செடி நெகட்டிவ். பாசிட்டிவ் வந்த மூணுல ஒண்ணு இருக்கறதுலயே கரும்பச்சையா, செழிப்பா நின்ன செடி. ப்ரீடர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நின்னாரு, அப்புறம் அவரே கையுறை மாட்டிக்கிட்டு அதைப் பிடுங்கி பைல போட்டு வாயைக் கட்டினாரு.

மிச்சம் அஞ்சு செடிக்கும் பூக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணணும். இன்னைக்கு சாயங்காலம் பார்த்தேன், நாலாவது கூண்டுல முதல் மொட்டு விட்டிருக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலையா இலை எடுத்துரணும்.